இரவல் நாக்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கூடத்து சோபாவில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துகொண்டிருந்த நவநீதன் தெளிவான குரலில் சொன்னான்: “கதவச் சாத்தும். உப்புக் காத்து வருது.”

பால்கனிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சிந்துஜாவின் கை நின்றது. கோயம்புத்தூர் வடவள்ளியில் வீடு. மேற்கே மருதமலை. அங்கே வீசுகிற காற்றில் ஈரம் இருக்கும், சில நாள் தூசி இருக்கும். உப்பு இருந்ததே இல்லை. அதைவிட அவளை உறுத்தியது அந்த ‘சாத்தும்’. அவன் அவளிடம் ‘சாத்து’ என்பான். அவள் அவனிடம் ‘சாத்துங்க’ என்பாள். ‘சாத்தும்’ என்று பேசுகிற ஆள் இரண்டு பேர் சொந்தத்திலும் கிடையாது.

“என்னங்க சொன்னீங்க?”

அவன் கண்ணைத் திறந்தான். “நானா? ஒண்ணும் சொல்லலயே.”

அவள் விட்டுவிட்டாள். அவன் பேசுவதே வரம் என்று இருந்த காலம் அது.

நவநீதன் கல்லூரியில் கணிதம் நடத்தியவன். நாற்பது வயதைத் தாண்டியதும் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன, பேச்சு வரவில்லை. கேட்பதெல்லாம் புரியும். சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கும். அது நாக்குக்கு வந்து சேருகிற பாதைதான் இடிந்து கிடந்தது. தண்ணீர் கேட்க நினைத்து “நாளைக்கு” என்பான். சொன்னது தப்பு என்று தனக்கே தெரிந்து சுவரில் கையை அடித்துக்கொள்வான்.

அப்படி இருந்தபோதுதான் ‘மொழிவு’ வந்தது. அஸ்வரா என்ற நிறுவனம் செய்தது. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவில் ஒரு சில்லு. நினைப்பு கிளம்புகிற இடத்திலேயே அதைப் பிடித்து நாக்குக்கும் தொண்டைக்கும் கொண்டு சேர்க்கும். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அதைப் பொருத்திக்கொண்டார்கள். நவநீதனும் பொருத்திக்கொண்டு, சில மாதப் பயிற்சிக்குப் பிறகு பேசினான்.

பேசினான் என்பது மட்டும் அல்ல. முன்பெல்லாம் அவன் வார்த்தையை எண்ணிச் செலவு பண்ணுகிற ஆள். சாப்பாடு நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டான். உப்பு குறைந்தால் “உப்பு” என்பான். இப்போது அவள் கோர்ட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, “மொகம் வாடிக் கெடக்கு. உக்காரு, பொறவு பேசலாம்” என்றான். அவள் பின்னலைப் பார்த்து ஒருநாள் நன்றாக இருக்கிறது என்றான். சிந்துஜா இதை யாரிடமும் சொன்னதில்லை: தனக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. நோய் கொண்டுவந்த சந்தோஷம் என்பதால் அதில் கூச்சமும் இருந்தது.

சிந்துஜா அறிவுசார் சொத்துரிமை வழக்குகளை நடத்துகிற வக்கீல். ஜவுளிக் கம்பெனிகளின் வடிவமைப்புத் தகராறு, பம்பு செட் பெயர்த் தகராறு, இப்படி. அந்த மழைக்காலத்தில் மணப்பாட்டிலிருந்து ஒருவர் ரேஸ்கோர்ஸில் இருந்த அவள் அலுவலகத்துக்கு வந்தார். சேவியர் அமலதாஸ் என்று பெயர் சொன்னார். நெட்டையாக, ஒல்லியாக, நாற்காலியில் மடித்து வைத்ததுபோல் உட்கார்ந்தார். அறுபது இருக்கும்.

“நான் புரோகிராம் எழுதுற ஆளு மேடம். எம் பொண்டாட்டி ரோஸ்லினுக்கு நரம்பு நோவு. கை போச்சு, கால் போச்சு, கடைசில பேச்சும் போகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அது போறதுக்கு முன்னால நான் ஒரு புரோகிராம் எழுதுனேன். அவ நெனைக்கிறத பேச்சாக்குற மாதிரி. அத ஊருக்கே தெறந்து வச்சேன்.”

“ஓப்பன் சோர்ஸுங்களா?”

“ஆமா. யாரும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கவும் விக்கலாம். ஒரே ஒரு நிபந்தன. எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்தியன்னா, அதோட மூல நிரலையும், அதான் சோர்ஸ் கோடையும், அவரு கையில குடுத்துரணும். உள்ள என்ன இருக்குன்னு அவரு பாக்கலாம், வேண்டாததத் தூக்கிப் போடலாம். அப்படிக் குடுக்கலன்னா, நான் குடுத்த அனுமதி அன்னைக்கே செத்துப்போச்சு. அஸ்வராக்காரங்க எடுத்து, பூட்டு போட்டு, அவங்களதுன்னு விக்கிறாங்க.”

சிந்துஜா இதுபோன்ற வழக்குகளைப் படித்திருந்தாள். நடத்தியதில்லை. “சார், நான் உள்ளதச் சொல்லிடறேன். அவங்க சில்லுக்குள்ள இருக்கறது பூட்டுன பெட்டி. உங்க நிரல்தான்னு நிரூபிக்காம கோர்ட்டு அதத் தெறக்கச் சொல்லாது. தெறக்காம நிரூபிக்க முடியாது. உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சுங்க?”

“ஈரோட்டுல ஒரு அம்மா. பேச்சு திரும்ப வந்துச்சுன்னு அவங்க மகன் வீடியோ போட்டிருந்தாரு. அந்தம்மா மஞ்சள் மண்டியில பொறந்து வளர்ந்தவங்க, கடலையே பாத்ததில்லயாம். அசந்து தூங்குறப்போ ஒண்ணு சொல்லுறாங்க.” அவர் கொஞ்சம் நிறுத்தினார். “எங்க வீடு கடலப் பாத்த வீடு மேடம். காத்துல உப்பு ஏறி என் கம்ப்யூட்டர் போர்டெல்லாம் துருப்பிடிக்கும். ரோஸி படுத்த இடத்துலருந்து என்ன அதட்டிக்கிட்டே இருப்பா. கதவச் சாத்தும், உப்புக் காத்து வருதுன்னு.”

மேசை மேல் இருந்த பேனாவை சிந்துஜா எடுத்தாள், மறுபடி வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவள் வீட்டிலேயே அந்தப் பெட்டி இருந்தது. அதைத் திறக்கச் சொல்லி வழக்குப் போட்டால் அந்தப் பெட்டி நின்றுபோகலாம். போடாவிட்டால், தினமும் சாயங்காலம் தன்னை உட்காரச் சொல்வது யார் என்று தெரியாமலே காலம் தள்ள வேண்டும். இரண்டு நாள் அவள் நவநீதனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன அப்படிப் பாக்குற?” என்று அவன் கேட்டபோது, கேட்பது அவன்தானா என்று பார்த்தாள். மூன்றாம் நாள் அவனிடம் சொல்லிவிட்டாள்.

நவநீதன் காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு, “அவர வரச் சொல்லு” என்றான்.

சேவியர் ஒரு பிற்பகலில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. மறைத்ததற்காக சிந்துஜா மன்னிப்புக் கேட்டபோது, “வீட்டு ஆளு வாய்னா யாருக்கும் பயமாத்தான் இருக்கும்” என்றார். காபி குடித்தார். நவநீதனிடம் ஊர், கல்லூரி என்று பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மதியம் போட்ட மாத்திரையின் மயக்கம் நவநீதனை அழுத்தியது. தலை சாய்ந்தது. சேவியர் நாற்காலியை ஓசைப்படாமல் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு வந்த குரல் நவநீதனுடையதுதான். ஆனால் சொற்கள் வேறு நடையில் வந்தன. “மழ வருதா? வலையெல்லாம் நனையப் போவுது… அந்தப் பிள்ளையள உள்ள வரச் சொல்லும்.”

“வந்துட்டாங்க ரோஸி,” என்றார் சேவியர் மெதுவாக.

“செரி,” என்றது நவநீதனின் வாய்.

சிந்துஜா சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவள் திரும்பி வந்தபோது நவநீதன் விழித்திருந்தான்; சேவியர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இது பேயி பிசாசு இல்ல சார்,” என்று அவர் நவநீதனிடம் சொன்னார். “உங்க நெனப்பு தெளிவா இருந்தா உங்க வார்த்ததான் வரும். அசதியில நெனப்பு மங்குச்சின்னா நடுவுல பள்ளம் விழும். அந்தப் பள்ளத்த அது நெரப்பணும். நெரப்புறதுக்கு அதுக்குத் தெரிஞ்சது ரோஸி பேச்சு மட்டும்தான். நான் வருசக் கணக்கா அவ பேசுறதையெல்லாம் பதிவு பண்ணி, அதுலதான் அதுக்குப் பேசச் சொல்லிக் குடுத்தேன்.”

“முழிச்சிருக்கும்போதும் நெரப்புமா?” நவநீதன் கேட்டான்.

சேவியர் சிந்துஜாவை ஒருமுறை பார்த்தார். “கொஞ்சம் நெரப்பும்.”

“எவ்வளவு?”

“அத மூல நிரலப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

பிறகுதான் அவர் வந்த காரணத்தை முழுதாகச் சொன்னார். ரோஸ்லின் சாவதற்குச் சில நாள் முன்பு, அந்தப் புரோகிராம் வழியாகவே அவரிடம் ஒன்று கேட்டிருந்தாள். “நான் போன பிறகு என் பேச்சை எடுத்துவிடும். ஊரார் வாயில் நான் அலையக் கூடாது.” அவர் சத்தியம் செய்து கொடுத்தார். அடக்கம் முடிந்த வாரமே அவள் பேச்சை நீக்கிய புதுப் பதிப்பை வெளியிட்டார். திறந்த நிரலை வைத்திருந்தவர்கள் எல்லாரும் மாற்றிக்கொண்டார்கள். அஸ்வரா அதற்கு முன்பே பழையதை எடுத்துப் பூட்டிவிட்டிருந்தது. பூட்டுக்குள் புதுப் பதிப்பு போகவில்லை.

“எனக்குப் பேரு வேண்டாம், நஷ்டஈடு வேண்டாம். அந்த நிபந்தனய நான் எழுதுனது யாரும் பூட்டிரக் கூடாதுன்னுதான். அது கோர்ட்டுல செல்லுமா செல்லாதா, அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

வழக்கு தாக்கலானது. முதல் விசாரணையிலேயே சிந்துஜா எழுந்து, தன் கணவர் மொழிவு பொருத்திக்கொண்டவர் என்று அறிவித்துவிட்டாள். சேவியரின் சம்மதத்தை எழுத்தில் கொடுத்தாள். நீதிபதி தில்லைநாயகம் அதைப் படித்துவிட்டு, தொடரலாம் என்றார்.

அஸ்வராவுக்காகச் சென்னையிலிருந்து வந்த மூத்த வழக்கறிஞர் அனந்தகிருஷ்ணன் குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். “ஐயா, ஒப்பந்தம்னா ரெண்டு கை வேணும். இங்க கையெழுத்து இல்ல. கைமாறு இல்ல. வாதி தன் பொருளத் தெருவுல வச்சுட்டு, எடுத்துக்கோன்னு பலகை மாட்டிட்டுப் போயிட்டார். எடுத்தவன் மேல இப்ப வழக்குப் போடறார். இத உரிமம்னு சொல்றதவிட ஒரு நல்லெண்ணம்னு சொல்லலாம். நல்லெண்ணத்த நீதிமன்றம் அமல்படுத்த முடியாது.”

சிந்துஜா எழுந்தாள். “வெயில் காலத்துல தண்ணிப் பந்தல் வைக்கிறோங்க ஐயா. யாரும் குடிக்கலாம். கையெழுத்துக் கேக்கறதில்ல. அதுக்காக ஒருத்தர் பானையத் தூக்கிட்டுப் போயி, வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிக்கலாமுங்களா? இந்த நிரல் வாதி எழுதுனது. அவர் அனுமதி இல்லாம யாரும் நகல் எடுக்க முடியாது. அந்த உரிமம் செல்லாதுன்னு என் நண்பர் சொன்னா, அவங்க கையில அனுமதியே இல்ல. வித்த ஒவ்வொரு சில்லும் திருட்டு நகல். செல்லும்னா, நிபந்தனையோட சேர்த்துத்தான் செல்லும். ரெண்டுல எது வேணும்னு அவங்களே சொல்லட்டுங்க.”

நீதிபதி எதிர்த்தரப்பைப் பார்த்தார். அனந்தகிருஷ்ணன் தாளைப் புரட்டினார்.

ஈரோட்டு அம்மாள் வந்தார். காங்கேயத்திலிருந்து ஒரு லாரி ஓட்டுநர், கும்பகோணத்திலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். மூவரின் குடும்பங்களும் எடுத்து வைத்திருந்த பதிவுகள் நீதிமன்றத்தில் ஓடின. மூன்று தொண்டைகளிலிருந்து ஒரே வாக்கியம் வந்தது. கடைசிப் பதிவு ஓடும்போது நீதிமன்ற எழுத்தர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். சேவியர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நீதிபதி சில்லைத் திறந்து ஒப்பிட ஒரு நிபுணரை நியமித்தார். சில்லில் இருந்ததும் சேவியர் எழுதியதும் ஒன்றுதான் என்று அறிக்கை வந்தது.

அதன் பிறகு அஸ்வராவின் வாதம் மாறியது. இடைவேளையில் அனந்தகிருஷ்ணன் வராந்தாவில் சிந்துஜாவின் அருகே வந்து நின்றார்.

“அம்மா, இது மிரட்டல் இல்ல, நிலவரம். நிரல வெளியிடறதவிட சேவைய நிறுத்திடறதுதான் லாபம்னு கம்பெனி நெனைக்கிறாங்க. எங்க சர்வர் பதில் சொல்லாட்டி அந்தச் சில்லு ஊமை. நீங்க ஜெயிச்சா அத்தன பேர் வாயும் மூடிக்கும். உங்க வீட்டுலயும்.”

“அத உள்ள வந்து ஐயாகிட்டயே சொல்லுங்க சார்,” என்றாள் அவள். அன்று மதியம் டிபன் பாக்ஸை அவள் திறக்கவே இல்லை.

கடைசியாக நவநீதன் சாட்சிக் கூண்டில் ஏறினான். மூல நிரலைக் கேட்டு அஸ்வராவுக்கு எழுதியதையும், அவர்கள் மறுத்ததையும் சொல்ல வந்திருந்தான். அனந்தகிருஷ்ணன் உடனே ஆட்சேபித்தார். வழக்கே அந்த மென்பொருளைப் பற்றியது. அதன் வழியாக வருகிற சாட்சியம் மனிதருடையதா, மென்பொருளுடையதா?

நீதிபதி நவநீதனின் பக்கம் திரும்பினார். “நானே கேட்கிறேன். இப்போது பேசுவது நீங்கள்தானா?”

நவநீதன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பழைய நாட்களில் கரும்பலகை முன்னால் நின்று யோசிப்பதுபோல நின்றான்.

“பெரும்பாலும் நான்தானுங்க ஐயா. மீதி யாருன்னு எனக்குத் தெரியல. எங்க நான் முடியறேன், எங்க அது ஆரம்பிக்குதுன்னு பாக்கணும். பாக்கறதுக்கு வழி அந்த நிரல்ல இருக்கு. அது என் தலைக்குள்ள இருக்கு. எனக்கு மட்டும் காட்ட மாட்டேங்கறாங்க.”

அனந்தகிருஷ்ணன் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

தீர்ப்பு கோடை விடுமுறைக்கு முன்பு வந்தது. உரிமம் செல்லும். நிபந்தனையை மீறியதும் அனுமதி முடிந்துவிட்டது. சில்லைப் பொருத்திக்கொண்ட ஒவ்வொருவரும் அந்த உரிமத்தின்படி நிரலைப் பெற்றவர். மூல நிரலைக் கேட்கவும், பார்க்கவும், மாற்றவும் அவருக்கு உரிமை உண்டு. நிரல் ஒப்படைக்கப்பட்டு, வேறு ஏற்பாடு ஆகும்வரை சேவையை நிறுத்தக் கூடாது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது, தடை கிடைக்கவில்லை. நிரல் வெளியே வந்தது. திருச்சியிலும் மதுரையிலும் சில இளைஞர்கள் சேர்ந்து, இனி யார் சர்வரும் இல்லாமலே சில்லு ஓடும்படி செய்துவிட்டார்கள். பத்திரிகைகள் சிந்துஜாவின் படத்தைப் போட்டன.

சேவியர் அந்த வாரமே ரோஸ்லினின் பேச்சை எடுத்துவிடும் மாற்றத்தை எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். எடுத்தால் பேச்சு கொஞ்ச காலம் தடுமாறும், பயிற்சி செய்தால் சரியாகும் என்று கூடவே எழுதியிருந்தார்.

ஒரு மாதம் கழித்து அவர் சிந்துஜாவின் அலுவலகத்துக்கு வந்தபோது இன்னும் மெலிந்திருந்தார்.

“யாரும் ரோஸி பேச்ச எடுக்க மாட்டேங்குறாங்க மேடம்.”

“பேச்சு தடுமாறும்னு பயமா இருக்குங்களோ?”

“சில பேருக்கு அது. மத்தவங்களுக்கு…” அவர் சிரிக்க முயன்றார். “ஈரோட்டு அம்மா மகன் போன் பண்ணாரு. எங்கம்மா இப்பத்தான் எங்கிட்ட அன்பாப் பேசுறாங்க, அத எடுத்துராதீங்கங்குறாரு. லாரி டிரைவரு சம்சாரமும் அதேதான். எல்லாரும் வச்சிக்கிடுறோம்னு சொல்லுறாங்க.”

சிந்துஜா மேசை மேல் இருந்த தீர்ப்பு நகலை ஓரமாக நகர்த்தினாள்.

“கோர்ட்டுல கேட்டு நிறுத்த முடியுமா?”

அவளுக்கு விடை தெரியும். அவருக்கும் தெரியும். “முடியாதுங்க சார். யாரும் எடுக்கலாம், யாரும் வச்சுக்கலாம், யாரையும் தடுக்கக் கூடாது. நீங்க எழுதுனதுதான். அது செல்லும்னு நாமதான் வாதாடி ஜெயிச்சோம்.”

“ஆமா,” என்றார் சேவியர். “நாந்தான எழுதுனேன்.”

அன்று சாயங்காலம் சிந்துஜா நவநீதனிடம் அதைச் சொன்னாள். அவன் சில வாரங்களாக மூல நிரலைப் படித்துக்கொண்டிருந்தான். கணக்கு வாத்தியாருக்கு அது முற்றிலும் பிடிபடாத பாஷை அல்ல.

“நான் எடுத்துடலாம்னு இருக்கேன்,” என்றான்.

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வக்கீலாகப் பேசியிருந்தால் அது உங்கள் உரிமை என்று சொல்லியிருக்க வேண்டும். “வேண்டாமுங்க,” என்றாள். சொன்ன பிறகு தன் காதிலேயே அது விழுந்து கூசியது. “எனக்கு… சாயங்காலம் நீங்க பேசறது… அது போயிடும்னா…”

“அது யாரு பேசறதுன்னு உனக்குத் தெரியுமா சிந்து?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியல. தேடிப் பாத்துட்டேன். நிரல்ல அப்படிப் பிரிச்சு எழுதியிருக்கல. நான் உன்ன உக்காருன்னு சொல்றப்போ, அது எனக்குத் தோணித்தான் சொல்றேனா, சொல்லிட்டதால தோணுதான்னு பிரிச்சுப் பாக்க முடியல. இதோட எப்படி இருக்கறது? அந்தம்மா வேற போகணும்னு கேட்டிருக்காங்க. மத்தவங்க வச்சுக்கட்டும். அவங்க இஷ்டம். ஒரு வாயாச்சும் அவங்கள விடட்டும்.”

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. பல வருடங்களில் தோற்ற வழக்குகளில் இதுதான் அவளுக்கு வலித்தது.

சேவியரை அழைத்தார்கள். அவர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையோடு கருவாட்டுப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாற்றத்தை ஏற்ற வேண்டிய செல்போன் நவநீதனின் கையில் இருந்தது. அழுத்தினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

“நீங்க அழுத்துறீங்களா சார்?” நவநீதன் கேட்டான்.

சேவியர் கையை நீட்டினார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார். “எம் வீட்டுல இருக்க மெஷினுலயும் நான் இன்னும் எடுக்கல சார்,” என்றார் தரையைப் பார்த்து. “வெளிய விட்டதையெல்லாம் எடுத்துட்டேன். என்கிட்ட இருக்கறத எடுக்க கை வரல. அவகிட்ட ஒண்ணும் கேக்கவும் இல்ல, போட்டும் பாக்கல. இருக்குன்னு இருந்துச்சு.”

வெளியே பால்காரர் மணியடித்துப் போனார். சேவியர் தலையை உயர்த்தி நவநீதனின் முகத்தைப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை, அவன் வாயைப் பார்த்தார்.

“ரோஸி,” என்றார். “போயிருவியா?”

சிந்துஜாவுக்கு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. நவநீதன் கண்களை மூடியிருந்தான். மாத்திரை எதுவும் அன்று அவன் சாப்பிடவில்லை.

“போயிட்டு வாரேன்னு சொல்ல மாட்டேன் சீலா,” என்றது அவன் வாய். “போறேன். நீரு நேரத்துக்குத் தின்னும்.”

சேவியர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நவநீதன் கண்ணைத் திறந்து, விரலால் ஒருமுறை அழுத்தினான்.

சேவியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிந்துஜாவிடம் திரும்பினார். “சீலான்னு எங்கூர்ல ஒரு மீனு இருக்கு மேடம். நெட்டையா, ஒல்லியா. கல்யாணமான புதுசுல என்னப் பாத்து அந்தப் பேரு வச்சா. நாலு பேரு முன்னால கூப்பிட மாட்டா. அவளத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல.” அவர் முகத்திலிருந்து முதன்முறையாக ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. நவநீதனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்று போய் வீட்டில் இருப்பதையும் எடுத்துவிடுவேன் என்றார். சாப்பிடச் சொன்னபோது மறுக்காமல் உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் நவநீதன் வாயைத் திறந்தான். மாற்றம் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. முதலில் வெறும் காற்று வந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைத்தான்.

“சிந்து. அது… நான்.”

“எதுங்க?”

“போறேன்னு… சொன்னது. அவங்க… இல்ல. நான். அவர்… பாவம்.”

அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேவியர் பேச்சை இத்தனை மாதம் கேட்டிருக்கிறான். அந்த நடையில் இரண்டு வாக்கியம் சொல்வது கணக்கு வாத்தியாருக்குப் பெரிய காரியமில்லை. வாழ்நாளெல்லாம் வார்த்தையை எண்ணிச் செலவழித்தவன், பேச்சு தன்னைவிட்டுப் போகப்போகிற கடைசி நிமிடத்தில் அதை உறவே இல்லாத ஒருவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

“அந்தப் பேரு?” என்றாள். “சீலான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு? அவர் நம்மகிட்ட சொன்னதே இல்லையே.”

நவநீதன் அவளைப் பார்த்தான். யோசித்தான். அவன் உதடுகள் அந்தச் சொல்லை ஓசையில்லாமல் ஒருமுறை செய்து பார்த்தன. முன்பு எப்போதோ கேட்டதா என்று தேடுவதுபோல. பிறகு தலையை அசைத்தான்.

“தெ… ரியல.”

வாரக் கடைசியில் மணப்பாட்டிலிருந்து போன் வந்தது. பின்னால் காற்று இரைந்தது. சேவியர் நவநீதனின் பேச்சைப் பற்றி விசாரித்தார், பயிற்சியை விடக் கூடாது என்றார். தன் வீட்டு மெஷினை அன்றைக்கே துடைத்துவிட்டதாகச் சொன்னார். இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாராம். எல்லாம் சொல்லி முடித்த பிறகும் போனை வைக்காமல் இருந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். நான் ஆசையில கற்பன பண்ணிக்கிட்டேனோன்னு சில நேரம் தோணுது. நீங்களும் பக்கத்துலதான இருந்திய. அவ பேசுனது உங்களுக்கும் கேட்டுச்சில்லா?”

நவநீதன் ஜன்னலோரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ‘தண்ணி’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தான். சிந்துஜா அவனைப் பார்த்தாள்.

“கேட்டுச்சுங்க சார்,” என்றாள்.

அதில் எவ்வளவு பொய் என்று அவளுக்கே தெரியவில்லை.